வானத்தை மறைக்கும் வெளிச்சம்

(ஏற்காட்டில் பேசிய பேச்சு)



இந்த ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் லேடீஸ் சீட் முனையில் நின்று, கீழே சேலம் பட்டணத்து விளக்குகளைப் பார்த்து, நட்சத்திரங்களைக் கொட்டினாற்போல் இருக்கிறதென்று மெச்சுகிறார்கள். தலையை நிமிர்த்தி, மேலே இருந்த நட்சத்திரங்கள் எங்கே என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

அவை எங்கும் போய்விடவில்லை. மேல் நோக்கிப் போகும் விளக்கொளி காற்றிலும், அதிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தில் ஒரு திரையாய் நிற்கிறது. மங்கலான நட்சத்திரங்கள் அதற்குள் மறைகின்றன. நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளி காற்றில் இன்னும் அதிகமாய்ச் சிதறும். பகலில் வானம் நீலமாய்த் தெரிவதும் இப்படித்தான். 2016 இல் வெளியான உலகக் கணக்கின்படி, மனிதரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தம் வீட்டிலிருந்து பால்வீதியைக் காண முடியாது.

இதனால் என்ன நஷ்டம் என்பீர்கள். சனிப்பெயர்ச்சி என்றால் பயந்து பணம் செலவழிக்கிறவர்களில் சனியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? பாராதவனிடம் யாரும் எதையும் சொல்லலாம். ஜோசியரின் ஒன்பது கிரகங்களில் ராகுவும் கேதுவும் கிரகங்களே அல்ல. யுரேனஸோ அதில் இல்லை. அந்த யுரேனஸைச் சுற்றி வளையம் உண்டென்று காட்டிய பதிவுகளில் ஒன்று, 1977 மார்ச் 10 ஆம் தேதி, நமது ஜவ்வாது மலைக் காவலூரில் கிடைத்தது. அம்மலைக் காட்டின் நடுவே ஆராய்ச்சிக்கூடம் வைத்ததற்கு அங்கிருந்த இருட்டும் ஒரு காரணம்.

"பகுத்தறிவு பேசுகிறவன் இருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறானே" என்று சிலர் சிரிக்கலாம். தோழர்களே! விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளி நடக்கும் பாதைக்கு விளக்கு அவசியம் வேண்டும். அந்த விளக்கு பாதையைக் காட்டட்டும். வானத்துக்கு எதற்கு வெளிச்சம்? மேலே போகிற ஒளிக்கும் நாம்தானே பணம் கட்டுகிறோம்?

பரிகாரம் பெரிய காரியமல்ல. விளக்குக்கு மூடி போட்டு ஒளியைக் கீழே திருப்புங்கள். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி வையுங்கள். விளம்பர விளக்குகளையும் மரத்துக்குப் போடும் அலங்கார விளக்குகளையும் நடு இரவுக்கு முன் அணையுங்கள். லடாக்கிலுள்ள ஹான்லேயில், 2022 இல் இருண்ட வானக் காப்பகம் அமைத்து, ஊராரைக் கொண்டே இவற்றைச் செய்கிறார்கள். சேர்வராயன் மலையில் மட்டும் ஏன் முடியாது?

வானத்தைப் பார்க்க டிக்கட் இல்லை, ஜாதி இல்லை, இடைத்தரகர் இல்லை. அந்தப் பொதுச் சொத்தை நம் பிள்ளைகளுக்குக் காப்பாற்றித் தரவேண்டியது நம் கடமை. உங்கள் வாசல் விளக்கிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் வார்த்தையை முடித்துக் கொள்ளுகிறேன்.