மேலிருந்து இறங்கும் பாதை



வத்தல்மலைக்கு வண்டியில் வருவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். அடுத்த வளைவு மேலிருந்துதான் கண்ணுக்குத் தென்படுகிறது. ஓட்டுநருக்கு வாய்ப்பது இடமும் வலமும் மட்டுமே. பாதை தன் போக்கில் எதிரே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. 1980களில் உலகெங்கும் சிறுவரையும் இளைஞரையும் கட்டிப்போட்ட ஒருவகை வீடியோ விளையாட்டின் இலக்கணமும் ஏறக்குறைய இதுவே. திரையின் அடியில் ஒரு சிறு விமானம். மேலிருந்து கீழாக நகர்ந்து வரும் நிலம். எதிர்ப்படுவதைச் சுட வேண்டும்; சுட இயலாததற்கு விலக வேண்டும். நிற்க மட்டும் வழியில்லை. இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். யாப்பின் கட்டுக்குள் இயங்கிப் பழகியவருக்கு இது அத்தனை அந்நியமான செய்தியன்று.

இவ்வகையின் முன்னோடி, ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக 1978இல் டொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். அதில் நிலம் நகர்வதில்லை. வேற்றுக்கிரகப் படை வரிசை வரிசையாக இறங்கி வருகிறது. படை குறையக் குறைய எஞ்சியவை விரைகின்றன. உண்மையில் இது கருவியின் இயலாமை. பல உருவங்களை வரையும்போது திணறிய நுண்செயலி, உருவங்கள் குறைந்ததும் வேகம் பெற்றது. நிஷிகாடோ அதைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் கடைசி ஒற்றை உருவம் பாய்ந்து வரும்போது ஏற்படும் நெஞ்சுப் படபடப்பு உலகுக்குக் கிடைத்திராது. 1979இல் வந்த கேலக்சியனில் பின்னணி விண்மீன்கள் நகரத் தொடங்கின. 1982-83இல் நாம்கோவின் ஜீவியஸ், காட்டையும் ஆற்றையும் திரையில் இறக்கிக் காட்டியது. பெரு நாட்டின் நாஸ்கா பாலைநிலத்துக் கோட்டோவியப் பறவையும் அந்நிலத்தில் உண்டு.

ஆயினும் கவிஞர்கள் நின்று பார்க்கத்தக்கது ரிவர் ரெய்டு. 1982இல் அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட இதனை ஆக்கியவர் கேரல் ஷா என்னும் பெண்மணி. பெண்கள் அரிதாகவே நுழைந்திருந்த துறை அது. விளையாட்டு முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அட்டாரிப் பெட்டியின் செயல்நினைவகமோ வெறும் 128 பைட். இன்றைய யூனிக்கோடு முறையில் ஒரு நேரிசை வெண்பாவைச் சேமிக்கக்கூட அந்த 128 போதாது! இத்துணைச் சிறிய இடத்தில், வளைந்தும் பிரிந்தும் கூடியும் செல்லும் நெடிய ஆற்றை எவ்வாறு வைப்பது? ஷா ஆற்றை வரைந்து வைக்கவே இல்லை. ஓர் எண்ணை வித்தாக வைத்தார். அதிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்தது எனக் கணித்துக்கொண்டே போனால் கரை தானாக உருவாகிறது. வித்து மாறாததால், எங்கே யார் ஆடினாலும் அதே ஆறு. வெண்டளை பிறழாமல், ஈற்றடி முச்சீராகி, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றால் முடிய வேண்டும் என்ற கட்டு எத்தனை ஆயிரம் வெண்பாக்களை ஈன்றதோ, அதே வகைச் சிக்கனம் இது.

அந்த ஆற்றில் எரிபொருள் கிடங்குகள் உண்டு. அவற்றின் மேல் பறந்தால் எரிபொருள் நிறையும். சுட்டால் புள்ளி கிடைக்கும். புகழா, உயிரா என்ற கேள்வி சில நொடிக்கு ஒருமுறை வந்து நிற்கிறது.

1990களில் தமிழ்நாட்டு நகர்க் கடைகளுக்கு இவ்விளையாட்டுகள் மலிவான பெட்டிகளில் வந்து சேர்ந்தன. நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட கருவியின் நகல்கள் அவை. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே, திரும்பத் திரும்ப. அவற்றுள் அடிக்கடி கண்ணில் பட்டது கேப்காம் 1984இல் ஆக்கிய 1942. ஆக்கியது ஜப்பானிய நிறுவனம். ஆடுபவர் ஓட்டுவதோ அமெரிக்க விமானம். வீழ்த்துவன ஜப்பானிய விமானங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. சென்னை நகரம் அஞ்சிக் காலியாயிற்று. குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்ளூர்களுக்கு ரயிலேறின. அரை நூற்றாண்டு கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த எண்ணைத் திரையில் கண்டபோது, அது ஓர் ஆண்டு என்றே பலருக்குத் தெரியாது. இந்தக் கலையின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. கைக்கும் கண்ணுக்கும் அது அளிக்கும் பயிற்சி அபாரம். நினைவுக்கு அது எதையும் விட்டுச்செல்வதில்லை. பாட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னாளில் இவ்வகை வேறொரு திசையில் வளர்ந்தது. 1997இல் கேவ் நிறுவனம் ஆக்கிய டோடோன்பாச்சியில் குண்டுகள் நூற்றுக்கணக்கில், கோலம் விரிவதுபோல் திரையை நிறைக்கின்றன. ஜப்பானியர் இதனைக் குண்டுத்திரை என்னும் பொருளில் டன்மாக்கு என்பர். தமிழ்க் காப்பியங்களைக் கற்றவர் சரமாரி என்று சொல்லிவிடுவர். புதிதாக ஆடுபவர் மிரள்கிறார். தேர்ந்தவருக்கு உள்ளமைப்பு தெரியும்: விமானத்தின் உருவம் முழுவதும் இலக்கன்று; நடுவே உள்ள மிகச் சிறிய பகுதி மட்டுமே. இறகின் மேல் குண்டு கடந்து போனாலும் விமானம் பிழைக்கிறது. அவர் கண் குண்டுகளை எண்ணுவதில்லை. குண்டுகளுக்கு இடையே எஞ்சிய வெற்றிடத்தையே பார்த்திருக்கிறது. அங்கே செல்ல விமானத்தை மயிரிழை அளவே நகர்த்துகிறார்.