தலையெழுத்தும் விலாசமும்



இன்று நாம் பேச வந்தது உடலுக்குள் இருக்கும் எழுத்தைப் பற்றியாகும். எழுத்து என்றவுடனே தலையெழுத்து உங்கள் ஞாபகத்துக்கு வரும், வரட்டும். ஒரு குழந்தைக்குப் பேச்சு சரியாக வரவில்லை, பாடம் ஏறவில்லை என்றால், "பிரமன் எழுதியது அவ்வளவுதான்" என்று ஒருவர் சொல்லுவதும், "பெற்றவள் செய்த பாவம்" என்று மற்றொருவர் சொல்லுவதும் நம் தெருக்களில் நாம் கேட்காத பேச்சல்ல. இப்பொழுது படித்தவர்கள் சிலர் கிளம்பி, பிரமனை விட்டுவிட்டு, "எல்லாம் டி.என்.ஏ.யில் எழுதியாகிவிட்டது, இனி யார் என்ன செய்வது?" என்கிறார்கள். எழுதுகிறவரின் பெயர் மாறியதே ஒழிய, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது மாறவில்லை.

எழுத்து இருப்பது மெய்தான். ஆனால் அதில் எந்த வரி படிக்கப்படுகிறது, எப்பொழுது, எந்த இடத்தில் என்பதல்லவா கேள்வி? இதை நாம் கல்லூரியில் படித்து வந்தவர்களல்ல. கிடைத்த புத்தகங்களைப் புரட்டியும், விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறோம். நாம் சொல்லுவதாலேயே நம்பிவிடாமல் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. பத்திரமே இல்லாத இரத்தச் சிவப்பணுக்களைத் தள்ளிவிட்டால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மூலப் பத்திரம். கண்ணின் செல்லில் இருக்கும் அதே எழுத்துத்தான் ஈரலின் செல்லிலும் இருக்கிறது. "அதெப்படி நிச்சயம்?" என்று கேட்பீர்கள். ஜான் கர்டன் என்னும் ஆங்கிலேயர் தவளை முட்டையின் உட்கருவை அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடலிலிருந்து எடுத்த உட்கருவை அதற்குள் வைத்தார். 1962இல் அவர் அறிவித்தபடி, அப்படிச் செய்த சில முட்டைகளிலிருந்து முழுத் தலைப்பிரட்டைகளே வந்தன. குடலின் செல்லிலும் கண், கால், வால் எல்லாவற்றுக்கும் எழுத்து இருந்தது என்பதுதானே இதற்கு அர்த்தம்? அது குடலில் படிக்கப்படாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

படிப்பது எப்படியென்றால், மூலப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதிக்கு மாத்திரம் ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. வேலை செய்வது புரதமே. பாரிசில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ழாக்கோபும் மோனோவும் 1961இல் குடல் பாக்டீரியாவைக் கொண்டு விளக்கியது என்னவென்றால், பால் சர்க்கரை இல்லாதபோது அதைச் செரிக்கும் புரதத்தின் எழுத்தின்மேல் ஒரு தடைப்பொருள் உட்கார்ந்து நகல் எடுக்க விடாமல் செய்கிறது. சர்க்கரை வந்ததும் தடை எழுந்துபோகிறது என்பதாகும். விருந்தாளி வந்த பிறகு உலை வைக்கிற சிக்கனம் அது. அதற்கு எந்தத் தெய்வத்தின் உத்தரவும் வேண்டியிருக்கவில்லை.

நிற்க. நகல் எடுத்தால் மாத்திரம் போதாது. அது போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த இடத்தில்தான் தலையெழுத்தின் கதை உண்மையாகவே வருகிறது.

பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளந்தான். அதில் எந்த முனை தலையாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பைகாய்டு என்னும் மரபணுவின் நகல். தாய் ஈ தன் வயிற்றிலேயே அந்த நகலைத் தயார் செய்து முட்டைக்குள் அனுப்புகிறது. நகலின் வால்பகுதியில் விலாசம் இருக்கிறது. அந்த விலாசத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், செல்லுக்குள் தண்டவாளம்போல் ஓடும் நுண்குழல்களின் வழியே அதை முன்முனைக்கு இழுத்துச் சென்று அங்கே கட்டிவைக்கின்றன. முட்டை இட்டபின் அதிலிருந்து புரதம் உண்டாகிப் பரவுகிறது. முன்முனையில் அடர்த்தி அதிகம், பின்னே போகப்போகக் குறைவு. அடர்த்தி மிகுந்த இடத்தில் தலை, அதற்கடுத்தாற்போல் மார்பு என்று பிற மரபணுக்கள் அந்த அளவைப் பார்த்துத் திறந்துகொள்ளுகின்றன.

இந்த மரபணு கெட்டுப்போன தாய் ஈ பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதன் குஞ்சுக்குத் தலையும் இராது, மார்பும் இராது. நம் ஊர்க்காரராயிருந்தால் உடனே சோழியை எடுத்திருப்பார். ஜெர்மனியில் கிறிஸ்டியான் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் அவரது கூட்டாளிகளும் ஊசியை எடுத்தார்கள். நல்ல முட்டையின் முன்முனைச் சாற்றை எடுத்துக் கெட்ட முட்டையின் முன்முனையில் ஏற்றினார்கள். தலையும் மார்பும் உண்டாயின. நடுவில் ஏற்றினார்கள், நடுவிலேயே தலைப்பகுதி உண்டாகி, அதன் இரண்டு பக்கமும் மார்பு வந்தது! இது 1986இல் வெளியானது. 1990இல் வெறும் நகலை மாத்திரம் தயாரித்து ஏற்றியும் தலையுறுப்புகள் வரச் செய்தார்கள். மூலப் பத்திரத்தில் ஓரெழுத்தையும் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நகல் இருக்கும் இடமே தலையின் இடமாயிற்று. அம்மையாருக்கு 1995இல் நோபல் பரிசு மற்றிருவரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

விலாசத்தையே மாற்றினால்? அதையும் செய்து பார்த்தார்கள். ஆஸ்கர் என்னும் நகல் வழக்கமாக முட்டையின் பின்முனைக்குப் போய், அங்கே அடுத்த தலைமுறைக்கான விதைச் செல்களை உண்டாக்குவது. அதன் விலாசத்தை நீக்கி, பைகாய்டின் விலாசத்தை ஒட்டி அனுப்பியபோது, தலை வரவேண்டிய முனையில் விதைச் செல்கள் தோன்றின என்று 1992இல் எஃப்ருஸ்ஸி, லேமன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் எழுதினார்கள். தபால்காரர் உறைமேல் இருப்பதைப் பார்க்கிறாரே ஒழியக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை.

"ஈயின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். மனித முட்டையில் பைகாய்டு கிடையாது என்பது வாஸ்தவம். ஆனால் விலாசம் பார்த்து நகல் அனுப்பும் வேலை நம் மூளையில் ஓயாமல் நடக்கிறது. மூளைச் செல்லுக்கு மரம்போல் கிளைகள் உண்டு. கிளைகளுக்குப் போன நகல்கள், வேண்டிய நேரம் வரும்வரை படிக்கப்படாமல் காத்திருக்க வேண்டும். அப்படி நிறுத்திவைக்கும் காவற்காரரில் ஒன்று எஃப்.எம்.ஆர்.பி. என்னும் புரதம். அந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் முகப்பில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று வழக்கமாகச் சுமார் 30 தடவை திரும்பத் திரும்ப வரும். 200 தடவைக்கு மேல் நீண்டுவிட்டால் செல் அதன்மேல் மீதைல் என்னும் ரசாயன முத்திரையைக் குத்திப் பூட்டிவிடுகிறது. புரதத்தின் வாசகம் அப்படியே உள்ளே இருக்கிறது, நகல்தான் வெளிவருவதில்லை. காவல் இல்லாத கிளையில் கண்ட நேரத்தில் புரதம் உண்டாகிறது. குழந்தை பேசத் தாமதிக்கிறது, பாடம் ஏறவில்லை. இதற்கு உடையும் எக்ஸ் நோய் என்று பெயர். இந்த மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இப்பொழுது "பெற்றவள் பாவம்" என்கிறவரைக் கேட்கிறோம். பையனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தத் தாய்க்கு, ஓரளவு நீண்ட அச்சொல் தன் தகப்பனிடமிருந்தே வந்திருக்கலாம். அவர் பேச்சிலும் படிப்பிலும் குறையில்லாமல் வாழ்ந்திருப்பார். தாய் வழியாக இறங்கும்போது அது திடீரென்று 200ஐத் தாண்டிவிடுகிறது. இதில் பாவம் எங்கே வந்தது? யாரைக் கேட்டு நீண்டது?

இந்நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் இரத்தத்தில் சிறிது எடுத்து அச்சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். எண்ணிப் பார்த்தால் அடுத்த பிள்ளைக்கு வருமா, தாயின் சகோதரிகளுக்கு இருக்குமா என்பதும் தெரியும். பேச்சுப் பயிற்சியும் தனிக் கவனிப்பும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் குழந்தைக்கு உதவி. பரிகாரம் பரிகாரமென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் இரண்டு மூன்று வருஷமும் அந்தக் கணக்கில் கழிகிற வருஷங்கள்தான். யாராவது கேள்வி கேட்க விரும்பினால் எழுந்து கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.