வன்தட்டு இடம் மாறும்பொழுது
(வெள்ளி விழா இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசிய பெரியோர் குறைவறப் பேசிவிட்டார்கள். ஆதலின் நான் ஒரு சிறு பொருளைக் கையில் கொண்டு வந்துள்ளேன். இது நம் அலுவலகத்துப் பழைய கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டு. உறுப்பினர் பதிவேடு, உதவித்தொகை பெற்ற மாணவர் பட்டியல், சாதிச் சான்றிதழ் நகல்கள், இன்று நம்மிடையே இல்லாத மூதாட்டியர் சிலரின் குரற்பதிவுகள் ஆகிய யாவும் இதனுள் அடங்கியுள்ளன.

சென்ற ஆண்டு அக்கணினி இயங்காது நின்றது. பழுது பார்க்கும் கடையொன்றில் "எல்லாம் போயிற்று" என்று கூறிவிட்டார்கள். போனது தாய்ப்பலகையேயன்றி வன்தட்டு அன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ஆம் ஆண்டில் தொடங்கிய 'பறையன்' இதழின் பிரதிகளைத் தேடுவோர் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அச்சேறியதற்கே அந்நிலை என்றால், அச்சேறாத நம் மூதாட்டியரின் குரலுக்கு என்ன காவல்?

வன்தட்டைக் கழற்றுவது கடினமன்று. மின்னிணைப்பை அறவே நீக்கி, இரண்டு கம்பிகளை உருவி, நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். புதுக் கணினியினுள் நேரே பொருத்தலாம், அல்லது யூ.எஸ்.பி. உறையிலிட்டு வெளியிலிருந்தும் இணைக்கலாம். நாங்கள் உறையிலிட்டு இணைத்தோம். உடனே திரையில், "இதனைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்தல் வேண்டும், செய்யட்டுமா?" என்னும் பொருள்பட ஒரு வினா எழுந்தது. உதவிக்கு வந்த தம்பி 'ஆம்' என்பதை அழுத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஃபார்மட் என்பது யாது? வெற்றுப் பதிவேட்டில் கோடு கிழித்துத் தலைப்பிட்டுப் பொருளடக்கத்திற்கு இடம் விடுவது போன்றது அது. அக்கோடுகளை ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு விதமாகக் கிழிக்கிறது. விண்டோஸ் 1993 முதல் கையாளும் முறை என்.டி.எஃப்.எஸ்.; லினக்ஸில் 2008 முதல் பரவியது எக்ஸ்ட்4. விலையின்றிக் கிடைத்ததனால் நம் பழைய கணினியில் லினக்ஸே இருந்தது, புதியதிலோ விண்டோஸ். தனக்குப் படிக்கத் தெரியாத பதிவேட்டை வெற்றேடு என்று அது எண்ணியது. படிக்கத் தெரியாதவனே ஏட்டைப் பார்த்து "இதில் ஒன்றுமில்லை" என்பது நமக்குப் புதிய அனுபவமன்று.

'ஆம்' என்று அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விரைவு ஃபார்மட் புதுப் பொருளடக்கத்தை எழுதுமேயன்றி உள்ளிருப்பவை முழுவதையும் துடைக்காது. அதன்மேல் வேறொன்றும் எழுதாதிருந்தால் வல்லுநர் ஓரளவு மீட்கக்கூடும். முழு ஃபார்மட்டோ, 2007-இல் வந்த விஸ்டா முதலாக, தட்டு முழுவதையும் சுழியங்களால் நிரப்பிவிடும், பிறகு மீட்பேயில்லை. சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையில் விரைவு ஃபார்மட்டுக்குப் பின்னும் நம்பிக்கை மிகக் குறைவு.

யாங்கள் செய்தது இதுவே: ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதனைக் கொண்டே புதுக் கணினியை இயக்கினோம். பதிவுகள் யாவும் கண்முன் தோன்றின. ஒன்றையும் மாற்றாமல், வேறொரு வன்தட்டில் நகலெடுத்து, கோப்புகளின் எண்ணிக்கையை இரு புறமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூச்சு வந்தது. நகல் ஒன்று அலுவலகத்திலும், மற்றொன்று உறுப்பினர் ஒருவர் இல்லத்திலும் இப்பொழுது உள்ளன.

விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றுவோர்க்கு இத்தொல்லையில்லை. ஆயினும் "அனுமதி இல்லை" என்று சில கோப்புறைகள் கதவடைக்கும். அவை பழைய கணினியின் பயனர் பெயரில் பதிவானவை; புதுக் கணினியின் நிர்வாகி உரிமையை எடுத்துக்கொண்டால் திறக்கும். பிட்லாக்கர் பூட்டு இருப்பின் கதை வேறு. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றி ஒருவராலும் திறக்க இயலாது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அப்பூட்டு நாம் கேளாமலே விழுந்துவிடுகிறது. கணினி நலமாக இருக்கும்பொழுதே அவ்விலக்கங்களைத் தாளில் எழுதி வையுங்கள்.

இன்னொரு திகைப்பும் எங்களுக்கு நேர்ந்தது. உதவித்தொகைப் பட்டியலைத் திறந்தால் ஒரு பெயரும் தெரியவில்லை. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தோன்றிற்று. கோப்பு கெடவில்லை. யூனிகோடு பரவுமுன் வழங்கிய பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிட்டது அது. அவ்வெழுத்துரு புதுக் கணினியில் இல்லை. அதனையும் பழைய வன்தட்டிலிருந்தே எடுத்து நிறுவியவுடன் பெயர்கள் திரும்பி வந்தன. முதற்பட்டியலின் முதற்பெயர், இன்று இவ்வரங்கில் ஆசிரியையாக அமர்ந்திருப்பவருடையது. பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும் பணி பாதியில் நிற்கிறது. தமிழ் தட்டச்சறிந்த இளைஞர் இருவர் வேண்டும்.

அமர்வு முடிந்தபின் இம்மேசையருகே இருப்பேன். பழுதுற்ற கணினியைப் பரணில் போட்டு வைத்திருப்போர், அதனை எடைக்குப் போடுமுன் என்னிடம் எடுத்து வாருங்கள். திருப்புளி என்னிடம் உண்டு.