காற்றுக்கும் கணக்கு உண்டு

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



எரிதல் பாடத்தை நாம் எல்லோரும் நடத்துகிறோம். தொடக்கப் பள்ளியில் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடிக் காட்டுகிறோம். நடுநிலை வகுப்புகளில் கலோரி மதிப்பு சொல்லித் தருகிறோம். பத்தாம் வகுப்பில் மோல் கணக்கு வந்துவிடுகிறது. ஆனால் மூன்றும் தனித்தனிப் பாடங்களாகவே நின்றுவிடுகின்றன. அனல்மின் நிலையத்தில் கொதிகலனைக் கவனிக்கும் பொறியாளர் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். இந்த எரிபொருளுக்கு எவ்வளவு காற்று வேண்டும்? எவ்வளவு வெப்பம் கிடைக்கும்? அதில் எவ்வளவு பயன்படுகிறது? இதே கேள்விகளை நம் மாணவர்கள் தங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிக் கேட்கப் பழக வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுப்புக் கரியை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி கார்பன். எளிமைக்காக முழுவதும் கார்பன் என்றே வைத்துக்கொள்வோம். 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு தரும். இந்தச் சமன்பாட்டை எழுதியதும் மாணவர் பேனாவை மூடிவிடுகிறார். அங்கேதான் நாம் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். 1 கிலோ கரி எரிய எவ்வளவு காற்று வேண்டும்?

32-ஐ 12-ஆல் வகுத்தால் 1 கிலோவுக்கு 2.67 கிலோ ஆக்சிஜன். காற்றின் நிறையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 23 சதவீதம். நாம் வழக்கமாகச் சொல்லும் 21 சதவீதம் கன அளவில் உள்ள பங்கு. இந்த வேறுபாட்டை வகுப்பில் ஒருமுறை நின்று விளக்குங்கள். ஆக, தேவைப்படும் காற்று 11.6 கிலோ. 1 கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. எனவே 1 கிலோ கரிக்கு 9.7 கன மீட்டர் காற்று வேண்டும்.

இந்த எண் பெரியதா, சிறியதா? பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. மொத்தம் 1000 கன அடி, அதாவது 28 கன மீட்டர். கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அங்கே 1 கிலோ கரி எரிந்தால் அறையிலுள்ள ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். 21 சதவீதம் சுமார் 14 ஆகிவிடும்.

உண்மையான ஆபத்து அதற்கு முன்பே வந்துவிடுகிறது. காற்று போதாத இடத்தில் கார்பனில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 கிராம் கார்பன் மட்டும் அப்படி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 12-க்கு 28 என்ற கணக்கில் 117 கிராம் கார்பன் மோனாக்சைடு. அதன் கன அளவு ஏறத்தாழ 0.1 கன மீட்டர். 28 கன மீட்டர் அறையில் அது 10 லட்சத்தில் சுமார் 3,600 பங்கு. ஓரிரு மணி நேரத்தில் உயிரைப் பறிக்க 1,600 பங்கே போதும். நிறமில்லை, மணமில்லை, தூங்குபவரை எழுப்ப எதுவும் இல்லை. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை மலைப்பகுதிகளிலிருந்து நாம் படித்திருக்கிறோம். அந்தச் செய்திக்குப் பின்னால் இருப்பது பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

இதே குறை எரிபொருளையும் வீணாக்குகிறது. 1 கிலோ கார்பன் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 32,800 கிலோ ஜூல் வெப்பம். கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டால் 9,200 கிலோ ஜூல் மட்டுமே. அதாவது, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவேதான் கொதிகலனில் கணக்குக்குத் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று விடுகிறார்கள். தூளாக்கிய நிலக்கரிக்கு இந்தக் கூடுதல் பொதுவாக 15 முதல் 20 சதவீதம். அளவு மீறினாலும் நட்டம்தான். தேவையற்ற காற்றும் சூடாகி, அந்த வெப்பத்தோடு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்ப்பது இதற்காகவே.

இப்போது சமையல் எரிவாயு. 1 கிலோ எரிவாயு எரியச் சுமார் 15.5 கிலோ காற்று, அதாவது 13 கன மீட்டர் வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று காலியாவதற்குள் ஏறத்தாழ 220 கிலோ காற்றைச் செலவழித்திருக்கும். சிலிண்டருக்கு விலை கொடுக்கிறோம், காற்றுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அது கணக்கில் வருவதில்லை. குளியலறைக்குள் பொருத்திய எரிவாயு வெந்நீர்க் கருவியைப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸ் உயர்த்த 630 கிலோ ஜூல் தேவை. இழப்பையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 16 கிராம் எரிவாயு. பத்து நிமிடத்தில் 2 கன மீட்டருக்கு மேல் காற்று. ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் இருப்பதே 6.8 கன மீட்டர். மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால், காற்றுப் போக்கி ஏன் வேண்டும் என்பதை நாம் தனியாக அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. மெழுகுவர்த்தியைத் தண்ணீரில் நிறுத்தி டம்ளரால் மூடும்போது நீர் ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஏறியதால் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்தது என்று சொல்லிவிடுகிறோம். நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று குளிர்ந்து சுருங்குவது. சுடர் அணையும்போதும் உள்ளே ஏறத்தாழ 16 சதவீதம் ஆக்சிஜன் மீதமிருக்கும். இதைத் திருத்திச் சொல்வது முக்கியம். விளக்கு எரிகிறது, ஆகவே காற்று நல்ல காற்று என்று குழந்தை முடிவு செய்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு இருப்பதைச் சுடர் காட்டிக்கொடுக்காது.

உயர்நிலை வகுப்புக்கு ஒரு செயல்பாடு. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, மெழுகுவர்த்தி, தகர டப்பா, வெப்பநிலைமானி போதும். 100 கிராம் நீரை 40 டிகிரி உயர்த்த 16.8 கிலோ ஜூல் வேண்டும். மெழுகின் கலோரி மதிப்பு கிராமுக்குச் சுமார் 43 கிலோ ஜூல். எங்கள் வகுப்பில் திறந்த நிலையில் 1.2 கிராம் மெழுகு கரைந்தது. பயனுறுதிறன் 33 சதவீதம். சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்து, அடியில் காற்று நுழைய இடைவெளி விட்டபோது 0.9 கிராம், 43 சதவீதம். இடைவெளியை அடைத்துப் பார்க்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அடைத்தோம். டப்பாவின் அடியில் கரி படிந்தது. அன்று கரும்பலகையில் நான் எழுத வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கரியை வகுப்பறைக்குள் எரிக்க வேண்டாம். வீட்டுப்பாடமாக, சமையலறையின் நீள அகல உயரத்தையும் ஜன்னல் உண்டா என்பதையும் குறித்துவரச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று அம்மாவிடம் கேட்டால், அந்த அடுப்பு நாளொன்றுக்குக் கேட்கும் காற்று எவ்வளவு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அன்று மாலை எந்த வீட்டிலாவது அடைத்து வைத்த ஒரு ஜன்னல் திறந்தால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.