ஊசி துள்ளினால்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வானொலிப்பெட்டி, படகுகளின் விஎச்எஃப் கருவி திருத்துகிறவர்களின் மேசையில் பழைய ஏவோ மீற்றர் என்ற மின் அளவுக் கருவி ஒன்றைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். பிரித்தானியத் தபால் துறைப் பொறியியலாளர் டொனால்ட் மகாடி 1923-இல் உருவாக்கிய மீற்றரின் வழிவந்தது அது. அதன் எட்டாம் மாடல் 1951-இல் வெளிவந்து 2008 வரை தயாரிக்கப்பட்டது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த ஊர் இது. பிரித்தானியப் படைகளில் பரவலாகப் புழங்கியதும் ஏவோதான்.

இப்படிப்பட்ட மீற்றரைக் கெட்டுப்போனது என்று மூலையில் போடுவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. பல நேரம் பழுது ஒரு சின்னக் கொன்ட்ரோலில்தான் இருக்கும்.

ஓம் அளக்குமுன் இரண்டு முனைகளையும் தொட வைத்து, குமிழைத் திருகி ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவோம் அல்லவா? அப்போது ஊசி சீராக நகராமல் துள்ளினால், அந்தக் குமிழ் திருப்புகிற கொன்ட்ரோலின் உள்ளே தடத்தின் மேல் ஓடுகிற தொடுமுனை சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். தூசி, தேய்மானம், இங்கே கூடுதலாக உப்புக்காற்று. ஊசி துள்ளாமல், பூச்சியத்தை எட்டாமலே நின்றால் முதலில் பற்றரியைப் பாருங்கள். எட்டாம் மாடலில் 1.5 வோல்ற் பற்றரியோடு 15 வோல்ற் பற்றரி ஒன்றும் உண்டு. பற்றரி சோர்ந்ததற்காகக் கொன்ட்ரோலைக் கழற்றுவது வீண்வேலை.

ஊசியைத் துள்ளவைக்கிற கொன்ட்ரோலுக்குள் துப்புரவாக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, முழுச் சுற்றாகப் பலமுறை திருகினாலே பெரும்பாலும் தேறிவிடும். தடம் தேய்ந்தே போயிருந்தால்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ஓம் பெறுமானம் மட்டும் பொருந்தினால் போதாது; திருகத் திருகத் தடை ஏறும் விதமும் பொருந்த வேண்டும். ஏவோவுக்கு மட்டுமல்ல, பழைய சிக்னல் ஜெனரேற்றருக்கும் ஒசிலோஸ்கோப்புக்கும் இதே கதைதான். குமிழை நடுவில் வைத்து, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். மொத்தத்தில் பாதி காட்டினால் அது லீனியர், அதாவது சீராக ஏறுவது; ஒரு பக்கம் பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றால் லொக். மேலே அச்சிட்ட ஆங்கில எழுத்தை நம்பவே வேண்டாம்: இன்று கடையில் கிடைப்பவற்றில் 'ஏ' என்றால் பெரும்பாலும் லொக், பழைய ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் அதே 'ஏ' லீனியர். தண்டின் பருமனையும் பார்க்க வேண்டும். பழையது கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர், புதியது பெரும்பாலும் 6 மில்லிமீற்றர். பழைய குமிழ் அதில் ஆடும். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றிப் பொருத்தினால் இறுகும்.

கம்பிகளைக் கழற்றுமுன் எந்த நிறம் எந்தக் காலில் என்று தாளில் வரைந்து வையுங்கள். ஈயம் வைத்து முடித்ததும் வேலை தீரவில்லை. ஒரு வீத வழுவுக்குள் இருக்கிற நல்ல தடைகள் சிலவற்றை, சிறியது, நடுத்தரம், பெரியது என்று எடுத்து ஒவ்வொரு வீச்சிலும் அளந்து பாருங்கள். ஊசி சொல்வதும் தடையில் எழுதியிருப்பதும் ஒத்துவந்தால் மட்டும் மூடியைப் போட்டு ஆணியை இறுக்குங்கள்.