மீண்டு வரும் மொழி



கொல்கத்தா லேக் மார்க்கெட் அருகில் நெடுங்காலமாக வாழும் ஒரு தமிழ்ப் பெரியவரை எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தில் ஆங்கிலமும், கடைவீதியில் வங்காளியும், வீட்டில் தமிழும் தடையின்றிப் பேசியவர். ஒரு நாள் காலையில் மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் அடைபடுகிறது. உயிர் தப்புகிறது, ஆனால் வலக்கை துவள்கிறது, பேச்சும் நின்றுவிடுகிறது. சில வாரங்களுக்குப் பின், செவிலி வங்காளியில் நலம் விசாரிக்க, அவர் தமிழில் விடை சொல்கிறார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று வீட்டார் கலங்குகின்றனர்.

அது பேதலிப்பு அன்று. மூளையில் ஏற்பட்ட சேதத்தால் வந்த பேச்சிழப்பு. பல மொழி அறிந்தவருக்கு எல்லா மொழிகளும் ஒருசேரத் திரும்பும் என்பதில்லை. இளமையில் பயின்றதே நிலைக்கும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. போர்தோ நகரத்து மருத்துவர் பித்ர், நோய்க்கு முன் மிகுதியும் பழகிய மொழியே முந்தும் என்று 1895-இல் எழுதினார். இரு விதிகளுக்கும் விலக்குகள் உண்டு. ஆதலால், கணவருக்கு வங்காளி முதலில் வந்தால், தாய்மொழியை மறந்தாரே என்று மனைவி மனம் நோக வேண்டா.

பேச்சுப் பயிற்சி அளிப்பவர் தமிழறியாதவராயின், நோயாளி யாரிடம் எம்மொழியில் பேசி வந்தார் என்பதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். பயிற்சியின்போது உடனிருந்து, அதையே வீட்டில் தமிழில் செய்யுங்கள். நோயாளி காரணமின்றி அழுதால் அதட்டாதீர்கள். மூளைச் சேதமே அவ்வாறு அழச் செய்வதுண்டு. நாள்தோறும் சோர்ந்து, உணவும் உறக்கமும் குன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் இரங்கிப் பேசுவது கொடுமை. பேச முடியாதவருக்குப் பேச்சு விளங்கக்கூடும்.

பணிவிடை செய்வோரின் மனநிலை என்ன? கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் 1942-இல், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், இந்நகரில் பேச்சை இழந்தார். அவருடையது வேறு நோய். மூளை மெல்லத் தேயும் பிக் நோய் என்று 1953-இல் வியன்னா மருத்துவர்கள் கண்டனர். பேச்சு திரும்பவில்லை. இடுப்புக்குக் கீழ் செயலற்றிருந்த மனைவி பிரமீளா, படுக்கையிலிருந்தே அவரைக் கவனித்து வந்து 1962-இல் மறைந்தார். கவிஞரை நினைக்கும் நாம் அவ்வம்மையாரை எத்தனை முறை நினைக்கிறோம்?

ஊரிலிருந்து மாமியாரோ நாத்தனாரோ உடனே வந்து கைகொடுக்க இயலாத தூரம் இது. பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலைகள் நோயாளியோடு அமரலாம். அந்த வேளையில் அவ்வீட்டு அம்மாள் கடைக்குப் போகட்டும், அல்லது உறங்கட்டும். நீங்கள் தமிழ் நாளிதழின் தலைப்பொன்றைப் படியுங்கள். சிறிய கேள்வி ஒன்று கேளுங்கள். அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் காத்திருங்கள். பேச வராதவர் பழகிய பாட்டைப் பாடிவிடுவதும் உண்டு. அவர் தொடங்கினால் நீங்களும் உடன் பாடுங்கள்.