மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: பலூனா, லேசரா, ஸ்டென்ட்டா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய் அல்லாத மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கு எண்டோஸ்கோப்பி வழியாக என்ன செய்யலாம், எதைவிட எது மேல் என்று பேசச் சொன்னார்கள். நல்ல தலைப்பு. ஏனென்றால் இந்த நோயில் பெரும்பங்கு, நாம் உயிரைக் காப்பாற்றி அனுப்பியவர்களுக்கே வருவது. பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர். டியூப் போட்டு வென்டிலேட்டரில் 10 நாள் வைத்து, பிழைத்தார் என்று சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புகிறோம். டியூபின் கஃப் சுமார் 30 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் அழுத்தினால் சளிச்சவ்வில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். சவ்வு புண்ணாகி, குருத்தெலும்பு அரித்து, ஆறும்போது தழும்பு வளையமாக இறுகிக்கொள்ளும். 1970-களில் குறை அழுத்தக் கஃப் பரவிய பிறகு இது குறைந்தது, ஒழியவில்லை. கஃப் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் வைக்க வேண்டும். அதற்கு மீட்டர் இருக்கிறது. ஆனால் விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்கிற பழக்கம்தான் நம்மைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது! காசநோயாலும் சுருக்கம் வரும். காரணமே தெரியாமல், பெரும்பாலும் பெண்களுக்கு, குரல்வளைக்குச் சற்றுக் கீழே வருவதும் உண்டு.

டியூப் எடுத்துச் சில வாரம், சில மாதம் கழித்துத்தான் தொந்தரவு ஆரம்பிக்கும். பெரியவர்களின் மூச்சுக்குழாய் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. அகலம். அது 8 மி.மீ. அளவுக்குச் சுருங்கினால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். 5 மி.மீ. ஆகிவிட்டால் உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்கும். அதற்குள் அவருக்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்து, இரண்டு இன்ஹேலரும் கொடுத்திருப்பார்கள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துப் பாருங்க. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம் வந்தால் சந்தேகப்படுங்க. ஸ்பைரோமெட்ரி வளைவு மேலும் கீழும் மட்டமாக வெட்டியது போல இருக்கும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். பலூன் வைத்து விரிப்பது சுலபம், வேகம், சவ்வுக்குச் சேதம் குறைவு. பலூன் ஊதியிருக்கும் நேரம் முழுக்கக் காற்றுவழி அடைபட்டிருக்கும் என்பதை மட்டும் மயக்க மருந்து டாக்டரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறி ராத்திரி வருகிறவருக்கு ரிஜிட் பிராங்காஸ்கோப்தான் கைகண்ட கருவி. அதன் வழியாகவே காற்றும் கொடுக்கலாம், விரிக்கவும் செய்யலாம். ஆனால் விரித்தது மறுபடி சுருங்கும். தழும்பு ரப்பர் மாதிரி.

அதனால்தான் முதலில் தழும்பை வெட்டிவிட்டு அப்புறம் விரிப்பது. 1987-ல் ஷாப்ஷே குழுவினர் எழுதிய முறை இது: லேசரால் மூன்று நான்கு இடத்தில் ஆரம்போலக் கீறி, நடுவில் நல்ல சவ்வைத் தொடாமல் விட்டுவிடுவது. சுற்றிலும் வட்டமாகச் சுட்டால் முன்பைவிட மோசமான தழும்பு வரும். இதையே மின்கத்தியாலும் செய்யலாம், சாதாரணக் கத்தியாலும் செய்யலாம். லேசர் மெஷின் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. எங்கே கீறுவது, எங்கே விடுவது என்பதுதான் வித்தை. லேசரோ மின்கத்தியோ வைத்தால் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். மூச்சுக்குழாய்க்குள் தீப்பிடிப்பது கற்பனையல்ல.

தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது எனக்கு நம்பிக்கை தருகிறது. மைட்டோமைசின் தடவுவதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை.

ஸ்டென்ட்? மார்செய் நகரத்து டூமோன் 1990-ல் வெளியிட்ட சிலிக்கோன் ஸ்டென்ட்டை வேண்டும்போது எடுத்துவிடலாம். நகரும், சளி அடைக்கும், ஓரங்களில் சதை வளரும், என்றாலும் எடுக்கலாம். உலோக ஸ்டென்ட் அப்படியல்ல. சதை வலைக்குள் புகுந்துவிட்டால் எடுப்பதே பெரிய ஆபரேஷன். புற்றில்லாத நோய்க்கு அதைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் எச்சரித்தது. இருபது வயசுப் பையனுக்கு அதை வைப்பதற்கு முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

2020-ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு, காரணம் தெரியாத சுருக்கம் உள்ள 810 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்தது. விரிப்பு மட்டும் செய்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. தழும்பை அகற்றி மருந்தும் கொடுத்தவர்களில் சுமார் 12 பேர். சுருங்கிய பகுதியையே வெட்டியெடுத்து இணைத்தவர்களில் ஒருவர்தான். ஆனால் அவர்களுக்குக் குரல் அதிகம் பாதித்தது. டியூபால் வந்த சுருக்கத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. அங்கே முதல் கேள்வி குருத்தெலும்பு நிற்கிறதா என்பது. ஒரு செ.மீ.க்குக் குறைந்த மெல்லிய வளையம், குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது என்றால் வெட்டி விரித்தாலே பலருக்குப் போதும். நீளமாகி, சுவரே சரிந்திருந்தால் எண்டோஸ்கோப்பி தற்காலிக ஏற்பாடுதான். இரண்டு மூன்று தடவை செய்தும் திரும்பி வருகிறார் என்றால் சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். நாலாவது பலூனுக்கும் அவர் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறித்தான் வர வேண்டும்.

ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் டியூப் எத்தனை நாள் இருந்தது என்று எழுதுங்கள். பிறகு மூச்சு வாங்கினால் "எனக்கு டியூப் போட்டாங்க" என்று முதலில் சொல்லும்படி நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் தமிழில் சொல்லி அனுப்புங்கள்.